பூல் போட்டியில பிறேக் அடி: சத்தம் முக்கியமில்லை, பந்து எங்க போகுது எண்டதுதான் முக்கியம்

வணக்கம் மக்களே. இண்டைக்குப் பிறேக் அடியைப் பற்றி மட்டும் கதைப்பம், அதாவது அடுக்கி வைச்ச பந்துக்கூட்டத்தைச் சிதறடிக்கிற முதல் அடி. எங்கட யாழ்ப்பாணத்துப் பக்கம் கனபேர் பிறேக்கை ஒரு பலப்பரீட்சையாத்தான் எடுக்கினம். சத்தம் வெடி மாதிரிக் கேக்கோணும், பந்து நாலு பக்கமும் சிதறோணும். அவ்வளவுதான். பெரிய சுற்றுப்போட்டி விளையாடுற ஆக்கள் இந்த அடியைப் பாக்கிற விதம் வேற.

அவையளுக்கு மூண்டு காரியம் ஒரே அடியில நடக்கோணும். ஒரு பந்தாவது விழோணும். வெள்ளை, அதாவது கியூவால அடிக்கிற பந்து, மேசைக்கு நடுவில வந்து நிக்கோணும். அடுத்ததா அடிக்கவேண்டிய பந்து, 9 பந்து ஆட்டத்தில அனேகமா 1, வெள்ளைக்குத் தெரியிற இடத்தில இருக்கோணும். இதில ஒண்டு பிழைச்சாலும் மேசை எதிராளிக்குப் போகலாம். வெண்டவரே திரும்பப் பிறேக் அடிக்கிற முறையில நடக்கிற போட்டி எண்டா நிலைமை இன்னும் மோசம். நல்ல பிறேக் உள்ள ஒராள் தொடர்ந்து நாலைஞ்சு றாக் (ஆட்டம்) எடுத்தா, மற்றவர் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் பிறேக் ஆருக்கு எண்டு தீர்மானிக்கிற லாக் அடியை அவ்வளவு கவனமா அடிக்கிறதும் இதுக்காகத்தான்.

இலங்கையில எங்களுக்குப் பில்லியட்ஸ், ஸ்னூக்கர் பழக்கம் கூட. 1973இல உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டம் வெண்ட எம்.ஜே.எம். லாபீர் எங்கட நாட்டுக்காரர். ஆனா ஸ்னூக்கர்ல இருந்து வாறவைக்கு ஒரு சிக்கல் இருக்கு. அங்க முதல் அடி தற்காப்பு. சிவப்புக் கூட்டத்தை மெல்லத் தொட்டுவிட்டு வெள்ளையைத் திருப்பிக் கொண்டுவாறது. அந்த எண்ணத்தோட பூல் மேசைக்கு வந்தா சரிவராது. 9 பந்தில ஒண்டும் விழாட்டி, குறைஞ்சது நாலு பந்தாவது மேசை ஓரத்துக் குஷன்ல படோணும். இல்லாட்டி ஃபவுல், வெள்ளை எதிராளியின்ர கைக்குப் போயிடும்.

இப்ப றாக்குக்கு, அதாவது பந்து அடுக்கிற விதத்துக்கு வாங்கோ. 9 பந்து வைரவடிவம்: முன்னுக்கு 1, நடுவில 9. 9க்கு இடமும் வலமும் இருக்கிற ரெண்டையும் விங் பந்து எண்டு சொல்லுறது. 1 பந்து ஃபுட் ஸ்பொட்டில (மேசையில றாக் வைக்கிறதுக்குக் குறிச்ச புள்ளி) இருந்து, எல்லாம் ஒண்டோடொண்டு இறுக்கமா ஒட்டியிருந்தா, நல்லா அடிக்கிறவருக்கு விங் பந்து மூலைப் பொக்கற்றுக்கு அனேகமா நேரவே போகும். இதைக் கண்டுபிடிச்ச பிறகு பலம் பெரிசாத் தேவைப்படேல்லை. 2001 யு.எஸ். ஓப்பன் 9 பந்து இறுதியில அமெரிக்க ஆட்டக்காரர் கோரி டியூவல், பின்லாந்துக்காரர் மிக்கா இம்மோனனை 11-0 எண்டு வெண்டார். அந்தப் போட்டியில அவர் அடிச்சது மெல்லிய பிறேக். பாக்கிற ஆக்களுக்கு அது கொஞ்சம் சப்பெண்டு இருந்திருக்கும். எனக்கெண்டா அது மூளையுள்ள வேலை.

இதுக்கு எதிரா விதி எழுதுறவையும் வேலை செய்தினம். இப்ப பெரிய போட்டிகள் பலதில 1ஐ விட்டிட்டு 9ஐத்தான் ஸ்பொட்டில வைக்கினம். சின்ன மாற்றம் மாதிரித்தான் தெரியும். கணக்குப் பண்ணிப் பாருங்கோ: பந்து 57.15 மில்லிமீற்றர். வரிசைக்கு வரிசை இடைவெளி 49.5. ரெண்டு வரிசை முன்னுக்குத் தள்ளினா 99 மில்லிமீற்றர். விங் பந்து கிட்டத்தட்ட 45 பாகையில போறதால, பொக்கற்றுக்கு ஒரு 10 சென்ரிமீற்றர் முன்னுக்கே பக்கக் குஷன்ல அடிபடும். இதால கனபேர் இப்ப 1ஐக் கொஞ்சம் வெட்டி அடிச்சு, அதையே நடுப்பொக்கற்றுக்கு அனுப்பப் பாக்கினம். அதோட பிறேக் பொக்ஸ் எண்டு மேசையில குறிச்ச ஒரு பெட்டி, அதுக்குள்ள வெள்ளையை வைச்சுத்தான் பிறேக் அடிக்கோணும். வெள்ளையை ஓரத்துக் குஷனுக்குப் பக்கத்தில வைச்சு அடிக்க ஏலாது. மூண்டு புள்ளி விதியும் சில போட்டிகளில இருக்கு: விழுந்த பந்தையும், பிறேக் அடிக்கிற பக்கத்தில இருக்கிற ஹெட் ஸ்ரிங் கோட்டுக்குத் திரும்பி வந்த பந்தையும் சேர்த்து எண்ணினா மூண்டு வரோணும். மெல்லமாத் தட்டிவிட்டு ஒரு பந்தை மட்டும் விழுத்துற வேலையை இது மறிச்சிடும்.

இனி நீங்க செய்யக்கூடியது. முதல்ல றாக்கைப் பாருங்கோ. குனிஞ்சு, 1க்கும் அதுக்குப் பின்னால இருக்கிற ரெண்டுக்கும் இடையில வெளிச்சம் தெரியுதோ எண்டு பாருங்கோ. பிறகு விங் பந்துகளைப் பாருங்கோ. கடுதாசி அளவு இடைவெளி இருந்தாலும் பந்து போற திசை மாறும், உங்கட பலமும் அந்த இடைவெளியில வீணாப் போகும். பெரிய போட்டியில மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒண்டை விரிச்சு அதுக்கு மேல பந்தை அடுக்கினம். அது இல்லாட்டி முக்கோணத்தை முன்னுக்குத் தள்ளி, பின்னால விரலால இறுக்கிப் பிடிச்சு, முக்கோணத்தை மெல்ல எடுங்கோ.

எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி வருகுதெண்டா பந்தில பிழை இருக்கலாம். பழைய செட்டில பந்துகள் ஒரே அளவில இராது. பந்துகளை வரிசையா வைச்சு, மேல நேரான அடிமட்டம் ஒண்டை வையுங்கோ. எதில முட்டேல்லையோ அது தேய்ஞ்ச பந்து. நாணயம் போட்டுத் திறக்கிற மேசைகள் பலதில வெள்ளை பெரிசா, இல்லாட்டிப் பாரமா இருக்கும். அது கூட்டத்துக்குள்ள புகுந்து போகும், நடுவில நிக்காது. அப்பிடி ஒரு மேசையில பழகினதை வைச்சு உங்கட பிறேக்கைக் கணிக்காதேங்கோ.

அடிக்கு வருவம். வெள்ளையைக் கோட்டுக்குக் கிட்ட வைச்சா கையை மேசைத்துணியில ஊண்டலாம். குஷனுக்குக் கிட்ட வைச்சா கியூவின்ர பின்பக்கம் உயரும். உயர்ந்தா வெள்ளை துள்ளும், துள்ளிக்கொண்டு போய் 1க்கு மேல்பக்கத்தில படும், பிறகு மேசைக்கு வெளியில பறக்கும். வெள்ளை பறக்கிறதுக்கு அனேகமா இதுதான் காரணம். கியூவை ஏலுமான அளவு தட்டையாப் பிடியுங்கோ. பக்கச் சுழல் வேண்டாம்; அது வெள்ளையை நேர்க்கோட்டில இருந்து விலத்திப்போடும்.

1க்குப் பின்னால எட்டுப் பந்தின்ர பாரம் நிக்குது. நடுவில நேராப் பட்டா வெள்ளை பின்னுக்குத்தான் துள்ளும். அந்தத் துள்ளலை நிப்பாட்டக் கொஞ்சம் முன்சுழல் வேணும். அதால மையத்தில, இல்லாட்டி மயிரிழை மேல அடியுங்கோ. அடிச்ச பிறகு வெள்ளையே பிழையைச் சொல்லும். நேரா உங்களிட்டத் திரும்பி வந்தா கீழ அடிச்சிருக்கிறியள். கூட்டத்துக்குள்ள தொடர்ந்து போனா கூட மேல. இடப்பக்கம் விலகினா 1இன்ர இடப்பக்கத்தில பட்டிருக்கு. அதுதான் நடுப்பொக்கற்றுக்குள்ள வெள்ளை விழுறதுக்கும் காரணம். ஆனா வேற பந்து வந்து வெள்ளையில மோதியும் அது விழலாம். அதுக்கு உங்களைக் குறை சொல்லாதேங்கோ.

பலம் கடைசிக் கேள்வி. வேகத்தைக் கைத்தொலைபேசிக் கமராவாலயே அளக்கலாம். 9 அடி மேசையில கோட்டில இருந்து ஸ்பொட்டுக்கு 50 அங்குலம். பந்தின்ர விட்டத்தைக் கழிச்சா வெள்ளை ஓடுறது 1.21 மீற்றர். செக்கனுக்கு 240 படம் எடுக்கிற மெதுவேகத்தில எடுத்து, கியூ பட்டதில இருந்து 1இல பட்டது வரைக்கும் படங்களை எண்ணுங்கோ. 36 எண்டா மணிக்கு 29 கிலோமீற்றர். 30 எண்டா 35. நல்ல தொழில்முறை ஆட்டக்காரர் இந்த ரெண்டாவது அளவுக்குப் பக்கத்தில அடிப்பினம். ஆனா முதல்ல பாதிப் பலத்தில தொடங்கி வெள்ளை நடுவில நிக்கிற அளவைப் பிடியுங்கோ, பிறகு கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுங்கோ. எந்த வேகத்தில வெள்ளை ஓடத் தொடங்குதோ, அதுக்குக் கொஞ்சம் கீழ இருக்கிறதுதான் உங்கட போட்டி வேகம். பிறேக் கியூ பாரமா இருந்தா வேகம் கூடும் எண்டு நம்பாதேங்கோ. 18 தொடக்கம் 20 அவுன்ஸ், நுனியில கடினமான ரிப், அது காணும்.

வாடைக்காத்து மழைக்காலத்தில மேசைத்துணி ஈரத்தைப் பிடிச்சிடும். பந்து இழுபட்டு ஓடும், அதே அடிக்குக் குறைவாச் சிதறும். மேசையை மூடி வையுங்கோ, பந்தைக் காய்ஞ்ச துணியால துடையுங்கோ. கைக்குப் போடுற பவுடர் மேசைத்துணியில கொட்டாமப் பாருங்கோ. பந்துக்கு எண்ணெய் ஒண்டும் பூசாதேங்கோ.

10 பந்து ஆட்டத்தில றாக் முழு முக்கோணம்; விங் பந்து மாதிரி நிச்சயமான வழி இல்லாததால அங்க பலத்துக்கு மதிப்புக் கூட. 8 பந்தில சிலபேர் ஓரத்தில இருந்து ரெண்டாவது வரிசைப் பந்தை அடிப்பினம், 8ஐ அசைக்கிறதுக்கு. அங்க வெள்ளை விழுந்தா எதிராளி கோட்டுக்குப் பின்னால இருந்துதான் அடிக்கலாம், 9 பந்தில எண்டா மேசையில எங்கயும் வைக்கலாம். 9 பந்தில பந்து விழுந்தும் 1 மறைஞ்சு போச்செண்டா புஷ் அவுட் இருக்கு: அறிவிச்சிட்டு வெள்ளையை விரும்பின இடத்துக்குத் தள்ளலாம், அந்த இடத்தில இருந்து ஆர் அடிக்கிறது எண்டதை எதிராளி தீர்மானிப்பார். தள்ளேக்க உங்களுக்கு லேசான இடத்தைத் தேடாதேங்கோ. அவர் அடிக்கவும் தயங்கோணும், உங்களிட்ட விடவும் தயங்கோணும், அப்பிடி ஒரு இடமாப் பாருங்கோ.