ஓசோனுக்குக் கூடிய உலகம், பாக் விரிகுடாவுக்கும் கூடட்டும்

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கப் பெரியவர்களே, ஒருநாள் கூலியை விட்டு வந்திருக்கும் பாசி எடுக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய மகளிர் குழுத் தலைவி அம்மையாருக்குத் தனி வணக்கம்.

இன்று செப்டம்பர் 16, உலக ஓசோன் நாள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் எப்படிக் கெட்டது, உலகம் எப்படிக் கூடியது, அதே போல நம் கடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பவை. மூன்றுக்கும் முன்னால் ஒன்று: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன் என்ற வாயு வானில் ஏறி ஓசோனைச் சிதைக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை இருப்பது உலகுக்குத் தெரிந்தது. அந்த வாயுவைக் குறைக்க 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். ஏழை நாடுகள் தொழிலை மாற்றிக்கொள்ளப் பணத்துக்கு எங்கே போகும்? 1990-ல் லண்டனில் கூடி அதற்கென நிதியம் அமைக்க முடிவெடுத்தார்கள். 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. இன்று உலக நாடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

தொண்டிப் பக்கத்தில், இரண்டு கயிற்றால் கரையிலிருந்து இழுக்கும் ஒரு கரைவலையில் கடல்பசு அகப்பட்டது. ஆவுளியா என்பீர்களே, அதுதான். மூச்சுவிட மேலே வர முடியாமல் வலையின் மடிக்குள் முட்டுகிறது. வடக்குக் கயிற்றில் நின்றவர்கள் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தளர்த்தினார்கள். தெற்குக் கயிற்றுக்காரர்களோ பெரிய மீன்பாடு என்று நினைத்து, ஏலேலோ போட்டு இன்னும் வேகமாக இழுத்தார்கள்! இங்கே கத்தினால் அங்கே கேட்கவில்லை. ஒரு பையன் மணலில் விழுந்தடித்து ஓடி, முதல் ஆளின் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகுதான் இரண்டு பக்கமும் தளர்ந்தது. நான்கு பேர் கழுத்தளவு நீரில் இறங்கி வலையை அறுத்தார்கள். அறுத்தது சொந்த வலை ஐயா! ஆவுளியா கடலுக்குப் போனது.

நமக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் விரிகுடாவிலும் கயிறு இரண்டு கரையிலும் இருக்கிறது. விசைப்படகு கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டில் இங்கே இழுவைமடியை விட்டு மாற ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. அப்போது ஒரு படகு 80 லட்ச ரூபாய். அதில் மீனவர் பங்கும் வங்கிக் கடனும் இருந்தன. கடன் வாங்கி வலை போடுகிறவன் இன்னொரு கடனுக்கு எப்படித் துணிவான்? ஃபிரிட்ஜ் கம்பெனிகள் வாயுவை மாற்ற உலகம் நிதி கொடுத்ததே, விசைப்படகுக்காரர் தொழிலை மாற்ற ஏன் கொடுக்கக் கூடாது? இரு நாட்டு அரசும் மீனவரை உட்காரவைத்து, நிதியோடு கூடிய ஒப்பந்தம் போட வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். இந்தத் தேருக்கு ஊர் இரண்டு.

தலைவர் மணி அடித்துவிட்டார். கோரிக்கை மனு மேடைக்கு வலப்புறம் மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்திடுங்கள். வணக்கம்.