நாலா, நாப்பதா?

வணக்கங்க. நான் ஐசியூல பல வருஷமா வேலை பாக்கற டாக்டர். மருந்து சார்ட்ட கையால எழுதறதா, கம்ப்யூட்டர்ல போடறதா, அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாதுன்னு எல்லாரும் சிரிப்போம். ஐசியூல அது சிரிக்கற விஷயமில்லீங்க. வார்டுல இருக்கறவர் "நேத்து வேற கலர் மாத்திரை குடுத்தீங்களே"ன்னு கேட்டுருவாரு, வென்டிலேட்டர்ல மயக்கத்துல இருக்கறவர் எப்படிக் கேப்பாரு?

ஒரு ராத்திரி அவசரத்துல இன்சுலின் 4-ன்னு எழுதி பக்கத்துல யூனிட்டுக்கு இங்கிலீஷ் 'யு' (U) மட்டும் போட்டேன், அந்த யு மேல வாய் மூடிக்கிட்டு பூஜ்ஜியமாயிருச்சு. சிஸ்டர் மருந்த இழுக்க இழுக்க சிரிஞ்ச் முழுசா நிரம்புது, அப்பத்தான் சந்தேகம் வந்து கையில சிரிஞ்சோடயே ஓடி வந்தாங்க, "டாக்டர், இது நாலா நாப்பதா?" நாலும்மா, நாலுதான்! நாப்பது போட்டிருந்தா சர்க்கரை அப்படியே இறங்கியிருக்கும், மயக்க மருந்துல இருக்கறவருக்கு படபடன்னு வருதுன்னு சொல்லக்கூட வாய் வராது.

அதனாலதான் எங்க போனாலும் இதையே சொல்றேன், யூனிட்னு முழுசா எழுதுங்க. 1-க்கு அப்புறம் புள்ளி வச்சு பூஜ்ஜியம் போடாதீங்க, புள்ளி மங்கிட்டா 10. அரைன்னா புள்ளிக்கு முன்னாடி பூஜ்ஜியம் போடுங்க, இல்லன்னா 5. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று குடுக்கற ஜாயின்ட் கமிஷன் 2004லயே இதையெல்லாம் எழுதக்கூடாதுன்னு பட்டியல் போட்டுச்சு. திரும்பவும் சொல்றேன், யூனிட்னு முழுசா.

சரி, கம்ப்யூட்டர். பாஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வந்தப்புறம் கடுமையான மருந்துத் தவறு பாதிக்கு மேல குறைஞ்சதுன்னு 1998ல ஆய்வு வந்துச்சு, நானும் அதுக்கு ஆதரவுதான். ஆனா தவறு வேற ரூபத்துல வருது. டோபமின், டோபுடமின்னு பேர் ஒரே மாதிரி இருக்கற ரெண்டு வேற வேற மருந்து லிஸ்ட்ல அடுத்தடுத்து இருக்கும், விரல் ஒரு வரி தள்ளிப்போனா போச்சு. மூணாவது பெட்காரர் பக்கம் திறந்திருக்க, நாலாவது பெட்காரருக்குன்னு நினைச்சு மருந்து போட்டுருவோம். என் கோணல் எழுத்தப் பாத்து சிஸ்டர் கேட்டாங்க, திரையில அச்சடிச்ச மாதிரி 40 யூனிட்னு நின்னா கேக்கத் தோணுமா? அத நினைச்சாத்தான் எனக்கு பயம்.

நேரமாச்சுன்னு கை காட்டறாங்க. எச்சரிக்கை பத்தி நிறைய சொல்லணும்னு இருந்தேன், ஒண்ணே ஒண்ணு: தேவையில்லாததுக்கெல்லாம் திரையில எச்சரிக்கை வந்தா கை தானா ஓகே அமுக்கிரும், நிஜமானதும் அதோட போயிரும், அதக் குறைக்கச் சொல்லி கேளுங்க. நன்றிங்க.