கன்றைக் கேட்டால் பண்ணை, பண்ணையைக் கேட்டால் கன்று

(தருமபுரியில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

அழைப்பிதழில் லத்தீன் தலைப்பைப் பார்த்துவிட்டு, "லத்தீனுக்கும் தருமபுரிக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று வாசலிலேயே ஒருவர் மடக்கினார். சம்பந்தம் இருக்கிறது. சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இது அசல் பெங்களூராதானா அண்ணா?"

"அசல்தான். நம் பண்ணையில் அசலைத் தவிர வேறு கன்று வைப்பதே இல்லை."

"அதை எப்படி நம்புவது?"

"இதோ, கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தக் கன்றையே பாருங்கள். அசல்தானே!"

கன்றுக்குப் பண்ணை சாட்சி, பண்ணைக்குக் கன்று சாட்சி. இதற்குத்தான் லத்தீனில் 'சிர்க்குலுஸ் இன் ப்ரோபாண்டோ' என்று பெயர். நிறுவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வட்டமடிப்பது, அதாவது வட்டவாதம். விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. கன்று அசலாகவே இருக்கலாம். காய் பிடித்தால் தெரிந்துவிடப் போகிறது. ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் அந்த நேரத்தில், உங்கள் சந்தேகத்துக்கு அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு பங்காளி உண்டு: 'பெட்டீட்சியோ ப்ரின்சிப்பி'. இது அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் சொன்னதன் லத்தீன் வடிவம். அக்காலத்து வாதம் கேள்வி பதிலாக நடக்கும். எதிரில் இருப்பவர் ஒப்புக்கொண்டவற்றை வைத்தே அவரை மடக்க வேண்டும். அது முடியாதவர், "நீங்கள் மறுக்கிறீர்களே அந்த ஒன்று, அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாராம். வழக்கையே கடனாகக் கேட்பது! நிறுவவேண்டியதையே ஒரே அடியில் கேட்டுவிட்டால் அது பெட்டீட்சியோ. இரண்டு மூன்று கூற்றுகளைச் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றால் சிர்க்குலுஸ். நடைமுறையில் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். அதற்காகச் சண்டை பிடிப்பது வீண் வேலை.

இதில் தர்க்கப் பிழை எங்கே என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். "மழை பெய்தது, ஆகையால் மழை பெய்தது" என்பதை யாராலும் மறுக்க முடியாது. அளவை விதிப்படி அது நூற்றுக்கு நூறு செல்லும். பிழை வடிவத்தில் இல்லை. நன்கு தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் நிரூபணம். ஒரே செய்தி நன்கு தெரிந்ததாகவும் தெரியாததாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்பது அரிஸ்டாட்டிலின் ஆட்சேபம். பெரிய மூளைகளும் இதில் அகப்பட்டதாகக் குற்றச்சாட்டு உண்டு. 1641இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 'தியானங்கள்' என்ற தம் நூலை வெளியிட்டபோது, ஆர்னோ என்ற இறையியலாளர் கேட்ட கேள்வியும் அந்த நூலோடு சேர்ந்தே அச்சானது. தெளிவாகத் தெரிவது உண்மை என்பதற்குக் கடவுள் பொறுப்பு என்கிறீர்கள். கடவுள் உண்டு என்பதை, அது தெளிவாகத் தெரிவதால்தானே ஏற்கிறீர்கள்? டெக்கார்ட் பதில் எழுதினார். அது போதுமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

நம்மவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டார்களா? நியாயம் என்ற தர்க்க மரபின் நூலார் அன்னியோன்னியாசிரயம் (ஒன்றையொன்று சார்ந்து நிற்பது) என்றும் சக்கரகம் (சக்கரமாகச் சுற்றி வருவது) என்றும் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மணிமேகலையின் 29ஆம் காதை. அறவண அடிகள் வாதப் போலிகளை வரிசையாகச் சொல்லி வருகையில் அன்னியதராசித்தம், அதாவது எதிராளிக்கு ஏற்பில்லாத காரணம், என்று ஒன்று வரும். 'ஒலி நிலையற்றது, ஏனெனில் அது செய்யப்படுவது' என்கிறார் ஒருவர். எதிரில் சாங்கியர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மதத்தில் ஒலி செய்யப்படுவதில்லை, முன்பே இருப்பது வெளிப்படுகிறது. எனவே அந்த ஏது, அதாவது காரணம், அவருக்கு ஏதுவே ஆகாது. இது வட்டமடிப்பது அன்று. அதற்குப் பக்கத்து வீட்டுக் குற்றம். ஆனால் ஒரு காரணம் காரணமாகுமா என்பது கேட்பவர் எதை ஏற்கிறார் என்பதையும் பொறுத்தது என்று அடிகள் கண்டுகொண்டார் பாருங்கள், அதை வைத்துத்தான் வட்டத்தையும் பிடிக்க வேண்டும். முடிவைச் சந்தேகிப்பவர் கையில் அந்தக் காரணம் மிஞ்சுகிறதா? மிஞ்சவில்லை என்றால் நீங்கள் சுற்றி வந்திருக்கிறீர்கள்.

ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் உடனே 'வட்டவாதம்' என்று எழுந்து நிற்கிறார்கள். அது நன்னூல் சொல்லும் 'கூறியது கூறல்'. சலிப்பூட்டும், அவ்வளவுதான். இன்னொரு குழப்பம் கொஞ்சம் பெரியது. ஒரு மலையடிவார ஊருக்குப் பஸ் இல்லை, ஆகவே ஜனங்கள் பைக்குக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பழகிவிட்டார்கள்; பழகிவிட்டதால் பஸ் விட்டாலும் ஏற ஆள் இல்லை. இது காரிய காரணச் சுழல். இரண்டு பாதியும் உண்மை. இதில் வாதப் பிழை ஏதும் இல்லை. ஆனால் பஸ் கேட்டு மனுக் கொடுத்தவரிடம், "அந்த வழியில் பஸ்ஸுக்குத் தேவை இல்லை, இருந்திருந்தால் முன்பே பஸ் விட்டிருப்போமே!" என்று பதில் வருகிறதே, அதுதான் அசல் சிர்க்குலுஸ்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். ஊர்ப் பெருமை பேசும்போதுதான் நாம் அதிகமாக வட்டமடிக்கிறோம். இங்கே அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், கையில் வில், பக்கத்தில் வட்டெழுத்தில் சில வரி. ஒரு கல்லில் அரசன் பெயர் இல்லை என்றால் அதன் காலத்தை எப்படிச் சொல்வது? எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்வார்கள். அந்த வடிவம் எக்காலத்தது? இதே மாதிரிக் கற்களில் இருப்பதால் அக்காலத்தது! இப்படியே போனால் மாங்கன்று வியாபாரம்தான். முறையாகச் செய்பவர்கள் வெளியே ஒரு முளை அடித்துக்கொள்கிறார்கள். சில கற்களில் பல்லவ அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கின்றன. பல்லவர் காலத்துக்கோ, நடுகல்லையே அறியாத சாட்சிகள் உண்டு. சாளுக்கியப் புலிகேசியின் அய்கொளேக் கல்வெட்டு, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்க வைத்ததாகப் பாடுகிறது. அதில் சக ஆண்டு 556, அதாவது கி.பி. 634-35, என்று தேதியே வெட்டியிருக்கிறது. கயிற்றின் ஒரு முனையை அங்கே கட்டிய பிறகு, எழுத்தை வைத்துக் கல்லையும் கல்லை வைத்து எழுத்தையும் எத்தனை முறை ஒப்பிட்டுத் திருத்தினாலும் குற்றமில்லை.

அதியமான் கதையும் இப்படித்தான். அசோகன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுதோ' என்று ஒருவர் வருகிறார். அது தகடூர் (நம் தருமபுரியின் பழைய பெயர்) அதியமான்களே என்று சொன்னவர்களும் இருந்தார்கள், வேறு ஊர்களைக் காட்டியவர்களும் இருந்தார்கள். 'அசோகன் குறிப்பிடும் அளவுக்கு அதியர் பெரியவர்கள்; எவ்வளவு பெரியவர்கள் என்பதற்கு அசோகனே சாட்சி' என்று நாம் மேடையில் முழங்கியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், நிரூபணம் கிடைத்திருக்காது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' (அஞ்சி கொடுத்த குகை இருக்கை) என்ற, தமிழி எனப்படும் தமிழ்-பிராமி எழுத்துக் கல்வெட்டை மாநிலத் தொல்லியல் துறையினர் கண்டார்கள். இரண்டு பெயரும் ஒரே வரியில்! அதை வெட்டியவருக்கு நம் விவாதம் எதுவும் தெரியாது. சாட்சி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அகழாய்வு நடந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்கும் இதே அளவுகோல்தான். அங்கே கிடைத்த மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாமெல்லாம் பூரித்தோம். 'இது இரும்புக்கால அடுக்கு, ஏனெனில் இரும்பு கிடைத்தது. இரும்பு அவ்வளவு பழையது, ஏனெனில் அடுக்கு இரும்புக்காலத்தது' என்ற சுற்றை அந்த எண் வெட்டியது. ஆய்வகக் கருவிக்கு இரும்பைப் பற்றிக் கவலை இல்லை, கரிமத்தை மட்டும் எண்ணும். ஆனால் அந்தத் தேதியை இரும்போடு முடிச்சுப் போட்டது குழிக்குள் இறங்கியவர்கள். ஆகவே, "மாதிரியும் இரும்பும் ஒரே அடுக்கில்தான் கிடந்தனவா?" என்று வெளியூர் ஆய்வாளர் ஒருவர் கேட்டால், தமிழ்ப் பகைவன் என்று அவர் மேல் பாயாதீர்கள். எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று அகழாய்வுப் பதிவைப் புரட்டிக் காட்டுங்கள்.