பாட்டு சரியான வேகத்தில், தீ மட்டும் மெதுவாக: ஒரு பழைய வீடியோவும் ஒரு எரிச்சலும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு டாஃப்ட் பங்க் குழுவின் வீடியோவை அலசுவதாகப் போன தடவை சொல்லியிருந்தேன். அது தள்ளிப் போகிறது. காரணம், தி போலீஸ் என்ற ராக் குழுவின் 'ராப்டு அரௌண்ட் யுவர் ஃபிங்கர்' வீடியோவை யாரோ ஒருவர் ஏஐ வைத்து மெருகேற்றி, 4கே, வினாடிக்கு 60 ஃப்ரேம் (அதாவது 60 தனிப் படங்கள்) என்று தலைப்புப் போட்டு ஏற்றியிருக்கிறார். உங்களில் நிறைய பேர் அந்த லிங்க்கை அனுப்பி, எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். முழுசாகப் பார்த்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வழக்கம்போல வீடியோத் துண்டுகளைக் காட்ட முடியாது. போன மாதம் சில வினாடி காட்டியதற்கே உரிமை கோரி முழு வீடியோவையும் முடக்கிவிட்டார்கள், தெரியும்தானே. அதனால் பலகையில் வரைந்துதான் காட்டப் போகிறேன்.

முதலில் மூல வீடியோ. 1983. எடுத்தவர்கள் கெவின் காட்லி, லால் க்ரீம் என்ற இரட்டையர். இவர்களே ஒரு காலத்தில் 10சிசி குழுவில் இருந்த இசைக் கலைஞர்கள். அதே ஆண்டு வந்த 'எவ்ரி ப்ரெத் யூ டேக்' கறுப்பு வெள்ளை வீடியோவும் இவர்கள் வேலைதான். இந்த வீடியோவில் பெரிதாகக் கதை எதுவும் கிடையாது. உயரமான தாங்கிகளில் மெழுகுவர்த்திகள், வரிசை வரிசையாக, ஒரு புதிர்ப்பாதை மாதிரி. நடுவில் குழுவின் பாடகர் ஸ்டிங் பாடிக்கொண்டே ஓடுகிறார், சுழல்கிறார், கடைசியில் தாங்கிகளைத் தட்டிவிட்டுக்கொண்டே போகிறார். அவ்வளவுதான்.

ஆனால் பார்க்கும்போது ஏதோ ஒன்று உறுத்தும். நல்ல உறுத்தல். பாட்டுக்கு உதடு கச்சிதமாக ஒத்துப்போகிறது. சட்டையும் தலைமுடியும் மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல மெதுவாக அசைகின்றன. தீச்சுடர் சோம்பலாக வளைகிறது. வாய்க்கு ஒரு வேகம், உலகத்துக்கு ஒரு வேகம்.

இது எப்படி என்றால், படப்பிடிப்பில் பாட்டை வேகமாக ஓடவிட்டு, பாடகர் அந்த வேகத்துக்கே வாயசைக்கிறார். கேமராவும் அதற்கேற்ப ஒரு வினாடிக்குக் கூடுதல் ஃப்ரேம்கள் எடுக்கிறது. திரையில் அதைச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் எல்லாம் மெதுவாகிவிடும். வேகமாகப் பாடிய வாய் மெதுவாகி, அசல் பாட்டின் வேகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் தீச்சுடருக்கு யார் போய் "நீயும் வேகமாக ஆடு" என்று சொல்வது? அது தன் இயல்பில்தான் ஆடும். அதனால் திரையில் அது மட்டும் மெதுவாகத் தெரிகிறது. விழுகிற தாங்கியும் அப்படித்தான். புவியீர்ப்பு ரிகர்சலுக்கு வராது.

அந்தத் தாங்கி விழும் இடத்துக்கு வாருங்கள். இதுதான் எனக்கு இந்த வீடியோவிலேயே பிடித்த இடம். தாங்கி சாய ஆரம்பிக்கும்போது சுடர் பின்பக்கமாக நீண்டு, மெலிந்து, ஒரு நூல் மாதிரி ஆகிறது. மூலத்தில் அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஃப்ரேமும் உண்மையாக ஒரு கேமரா பார்த்த சுடர். இந்த 60 ஃப்ரேம் பதிப்பில் என்ன செய்திருக்கிறார்கள்? இருக்கிற இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் கணினி தானே ஊகித்து புது ஃப்ரேம்களைச் செருகியிருக்கிறது. மனிதத் தலையோ, காரோ என்றால் ஓரளவு ஊகித்துவிடும். தீக்கு ஓரம் எங்கே இருக்கிறது? முதல் ஃப்ரேமில் இருக்கும் சுடரின் நுனி அடுத்ததில் இல்லவே இல்லை. கணினி என்ன செய்யும், இரண்டையும் குழைத்து நடுவில் ஒன்றை ஊற்றுகிறது. சுடர் ஜெல்லி மாதிரி தளும்புகிறது. மெழுகுவர்த்தியை நம்பி எடுத்த வீடியோவில் மெழுகுவர்த்தியையே கெடுத்துவிட்டு அதற்குப் பெயர் மெருகு!

அதோடு விட்டார்களா? பழைய டிவி வடிவமான 4:3 படத்தை அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள். பலகையில் பாருங்கள், 1440க்கு 1080 என்று ஒரு சட்டம். அதை 16:9 ஆக்க வேண்டுமென்றால் உயரம் 810 ஆகிவிடும். கால்வாசிப் படம் குப்பைக்கு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நெற்றி இல்லாத பாடகரைப் பார்ப்பதைவிட கறுப்புப் பட்டையைப் பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல். இதை நான் சொல்லாத வீடியோவே கிடையாது. இனியும் சொல்வேன்.

சரி, உதடு சோதனை. பழைய ஆட்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. வாயசைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ப, ம ஒலி வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த ஒலிகளுக்கு உதடு மூடியே ஆக வேண்டும், ஏமாற்ற முடியாது. 'ஆ' என்று இழுக்கும் இடத்தில் எவ்வளவு தள்ளிப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னும் பின்னும் நகரும். இந்தப் பாட்டில் வசதி, தலைப்பு வரியிலேயே 'ராப்டு' இருக்கிறது. அந்த 'ப்'புக்கு ஸ்டிங்கின் உதடு நெத்தியடியாக மூடுகிறது. கூடுதல் வேகத்துக்குப் பாடிக்கொண்டு, ஓடிக்கொண்டு, மெழுகுவர்த்திகளுக்கு நடுவில்! உதட்டுக்குப் பத்துக்குப் பத்து. இந்தச் சேனலில் அது லேசில் கிடைக்காத மார்க்.

இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள நானே செய்து பார்த்தேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது எனக்குப் பெரிய விஷயம். போனில் வினாடிக்கு 60 ஃப்ரேம் வைத்தேன். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. நான்கு வரி பாடினேன். எடிட்டிங்கில் 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டு பாதி வேகமாக்கினேன். கணக்குப்படி எல்லா ஃப்ரேமும் ஒரு முறை வர வேண்டும், எதுவும் மிச்சமில்லை, எதுவும் இட்டுக்கட்டியதில்லை. முதல் வரி அருமை. இரண்டாம் வரியில் உதடு லேசாகப் பிந்தியது. நான்காம் வரியில் 'ம' ஒலி முடிந்த பிறகு என் வாய் மூடுகிறது!

எடிட்டிங் மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், ஒலிக் கோப்பைச் சந்தேகப்பட்டேன். வில்லன் போன். பெரும்பாலான போன்கள் 60 என்று சொன்னாலும் சீராக 60 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாக ஃப்ரேமைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு மாறும் ஃப்ரேம் வீதம் என்று பெயர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்தால் கேட்கவே வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வீதத்துக்கு மாற்றலாம், உதடு சரியாகிவிடும். ஆனால் போன் எடுக்காமல் விட்ட இடத்தில் அது பழைய ஃப்ரேமையே இரண்டு தடவை போடும். சுடர் திக்கித் திக்கி ஆடும். எனக்கு வேண்டியது சுடர்தானே! கடைசியில், கேமராவின் பின்பக்கம் ஒரு பெரிய விளக்கை வைத்து, கையால் எல்லாம் பூட்டி வைக்கிற கேமரா செயலியில் ஃப்ரேம் வீதத்தையும் ஷட்டரையும் பூட்டிவிட்டு எடுத்தேன். நான்கு வரியும் ஒட்டிக்கொண்டது. கடைசி 'ம'வில் உதடு மூடிய ஃப்ரேமும் ஒலி அலை சுருங்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று. எழுந்து நின்று கைதட்டினேன், உண்மையாக.

அப்புறம் இதே வித்தையைக் கையாண்ட மற்ற வீடியோக்கள். கோல்ட்ப்ளேயின் 'யெல்லோ', 2000. இங்கிலாந்தில் டார்செட் கடற்கரையில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் ஒருவரே நடந்து வருகிறார், ஒரே ஷாட். வினாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்து 25இல் ஓட்டியது, அதனால் அவரும் இரட்டை வேகத்தில்தான் பாட வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: 'யெல்லோ' என்ற சொல்லில் உதடு எங்கேயும் ஒட்டாது, அதை வைத்துச் சோதிக்காதீர்கள். எனக்கு இந்த வீடியோ பிடிக்கும், ஆனால் மழைக்கோட்டு, ஈர முடி, அலை, இவை எல்லாம் சேர்ந்து பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. மெழுகுவர்த்தி அளவுக்கு இது துணிச்சல் இல்லை.

இதற்கு நேர் எதிர் ஓகே கோ குழு. 2014இல் 'ஐ வோன்ட் லெட் யூ டவுன்', ஜப்பானில் ட்ரோனில் எடுத்த ஒரே ஷாட். அங்கே பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, எல்லாரும் மெதுவாக ஆடி, பிறகு இரட்டை வேகமாக்கினார்கள். குடைகள் விரிந்து மூடுகிற அந்த வெடுக்கு அசைவு அதனால்தான். எனக்கு இது கொஞ்சம் திகட்டும். திறமைக்கு முழு மார்க், மனசுக்குப் பாதி.

கோல்ட்ப்ளேயின் 'தி சயின்டிஸ்ட்' வேறு ரகம். 2002, ஜேமி த்ரேவ்ஸ் இயக்கம். வேகம் இல்லை, திசை. முழு வீடியோவும் பின்னோக்கி ஓடுகிறது, ஆனால் மார்ட்டினின் உதடு மட்டும் பாட்டோடு முன்னோக்கிப் போகிறது. அதற்காக அவர் பாட்டைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார், சுமார் ஒரு மாதம். இதே வேலையை 1995இலேயே ஸ்பைக் ஜோன்ஸ் 'டிராப்' வீடியோவில் ஃபார்சைடு குழுவை வைத்துச் செய்துவிட்டார். அது ராப், நம் சேனலின் எல்லைக்குள் வராது, இருந்தாலும் முன்பே செய்தவருக்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்று விட்டுப்போய்விட்டது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். 50, 60 என்ற எண்ணே எனக்கு எதிரி இல்லை. குவீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' 1975இல் ப்ரூஸ் கவர்ஸ் இயக்கியது, ஃபிலிமில் இல்லை, வீடியோ டேப்பில். ஐரோப்பிய டிவி முறையில் அந்த டேப் வினாடிக்கு 50 அரைப்படங்களை, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ள படங்களை, பதிவு செய்யும். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தில் உண்மையாக எடுத்தவை. ஆகவே அதை 50ஆக ஓட்டினால் அது அதன் பிறப்புரிமை. 25ஆகக் குறைப்பதுதான் தப்பு. அதில் நான்கு முகங்கள் வைர வடிவில் தெரியும் காட்சி இருக்கிறதே, அதை அகலத்துக்காக வெட்டினால் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

மெருகேற்றுவதே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ', 1985, ஸ்டீவ் பேரன் இயக்கம். அதை 2019இல் ஃபிலிமிலிருந்தே 4கேயாக எடுத்தார்கள். அங்கே புதிதாக எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. ஃபிலிமிலேயே அவ்வளவு விவரம் இருக்கிறது. சுமார் 3,000 ஃப்ரேம்களை 16 வாரம் உட்கார்ந்து பென்சிலால் வரைந்திருக்கிறார்கள். தாளின் சொரசொரப்பு வரை தெரிகிறது. ஆனால் அந்தப் பென்சில் கோடு ஒவ்வொரு ஓவியத்துக்கும் கொஞ்சம் துள்ளும் பாருங்கள், அதுதான் உயிர். அதையும் 60 ஆக்கி வழவழப்பாக்கிய பதிப்புகள் சுற்றுகின்றன. துள்ளல் போய்விட்டது. தயவுசெய்து அவற்றை எனக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, நல்ல பதிப்பைத் தேடிப் பிடித்தும் உங்கள் டிவி கெடுத்துவிடலாம். அசைவை வழவழப்பாக்கும் வசதி பல டிவிகளில் வாங்கும்போதே போட்டு வைத்திருக்கும். படத்துக்கான அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதுவே அணைத்துவிடும்.

சரி, தீர்ப்பு. 'ராப்டு அரௌண்ட் யுவர் ஃபிங்கர்' மூலப் பதிப்புக்கு ஒன்பதரை. அரை மார்க் ஏன் குறைந்தது என்றால், ஸ்டிங்கோடு ஒப்பிட்டால் குழுவின் மற்ற இருவருக்கும் வேலை குறைவு. அந்த 60 ஃப்ரேம் பதிப்புக்கு மார்க் கிடையாது, அது வேறு பொருள். அதன் கமெண்டில் போய் யாரும் சண்டை போட வேண்டாம், மூலப் பதிப்பின் லிங்க்கை மட்டும் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வீடியோவில் டாஃப்ட் பங்க் கட்டாயம் வரும். அதற்குள் காட்லி, க்ரீம் இரட்டையரின் 1985 'க்ரை' வீடியோவைப் பார்த்துவையுங்கள். ஒரு முகம் இன்னொரு முகமாக மாறும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், எங்கே மாறுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் நிமிடம், வினாடியோடு கீழே எழுதுங்கள்.