பாதிக் கணக்கை இடம் மாற்றிய கதை

வணக்கம் நேயர்களே.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மேசைக் கணினி பகல் இரவாக ஓடிக்கொண்டிருந்தது. யாருமே உட்காராத கணினி எதற்கு ஓடுகிறது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்துக்காகப் பூமியின் பருவநிலையைக் கணக்குப் போடுகிறது என்று சொல்வேன். அந்தக் கணினி அண்மையில் கடைசி மூச்சுக்கு வந்துவிட்டது. அதில் பாதியில் நின்ற வேலையை வேறு கணினிக்கு எப்படிக் கொண்டுபோனோம் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

இந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சியாளர்களிடம் மலைபோல் கணக்கு இருக்கிறது, போட்டு முடிக்கக் கணினி போதவில்லை. நம் வீட்டுக் கணினிகளோ நாளில் பாதி நேரம் சும்மா கிடக்கின்றன. பெரிய கணக்கைச் சின்னத் துண்டுகளாக்கி வீடு வீடாக அனுப்பும் யோசனை அப்படித்தான் வந்தது. 1999 மே 17ஆம் தேதி அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'செட்டி அட் ஹோம்' தொடங்கியது. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளில் வேற்றுலகத்தார் அனுப்பிய சமிக்ஞை ஏதாவது இருக்கிறதா என்று தேடும் வேலை. 5 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31இல் அவர்கள் புதிய வேலைகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டாலும், அந்தக் குழுவைச் சேர்ந்த டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய 'பாயின்க்' என்ற இலவச மென்பொருள் இன்றைக்கும் பல திட்டங்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. நான் வைத்திருப்பதும் அதைத்தான்.

இதில் என் மனதை மிகவும் தொட்ட சம்பவம் 2010இல் நடந்தது. 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்ற திட்டத்தில், அதுவரை யாரும் அறியாத ஒரு பல்சாரை வீட்டுக் கணினிகள் கண்டுபிடித்தன. வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் நட்சத்திரம் அது. கண்டுபிடித்தது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினியும். ஏன் இரண்டு என்றால், பல திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அதை நம்பிச் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, அப்படிப்பட்ட திட்டத்தில் என் வீட்டில் ஒரு வேலை பாதியில் நின்றால், முகம் தெரியாத ஒருவர் எங்கோ முடித்து வைத்த வேலையும் என்னால் காத்துக்கிடக்கிறது. இது புரிந்த நாளிலிருந்து நான் எந்த வேலையையும் சொல்லாமல் விட்டதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து என் அக்கா மகன் இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான். கணினியின் சத்தத்தைக் கேட்டதுமே பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தான். "சித்தி, மதர்போர்டுல கப்பாசிட்டர் நாலு உப்பிப் போயிருக்கு. ஒரு நல்ல இடி இடிச்சா போதும், போயிடும்" என்றான். பினாங்கில் சாயங்கால மழைக்கும் இடிக்கும் பஞ்சமா? வேறு கணினி வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம். ஆனால் திரையில் பருவநிலை வேலை 64 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்று வாரமாக ஓடிய வேலை.

மற்றத் திட்டங்களின் துண்டுகள் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பருவநிலைக் கணக்கு அப்படியில்லை. ஆக்ஸ்ஃபர்டு அதை 2003இல் பொதுமக்களிடம் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு கணினியும் பூமியின் 45 வருடப் பருவநிலையை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆயின. அப்படிச் சேர்ந்த விடைகளை வைத்து 2005 ஜனவரியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் வெப்பம் எவ்வளவு கூடும் என்பதற்கு, 2 டிகிரிக்கும் குறைவிலிருந்து 11 டிகிரிக்கும் மேல்வரை விடைகள் வந்திருந்தன. அவ்வளவு அகலமான வீச்சைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் தேவைப்பட்டன. அதனால்தான் அந்த 64 சதவீதத்தைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

"அந்த ஒரு வேலையை மட்டும் பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்து புதுசுல போட்டுக்கலாமே சித்தி" என்றான் அக்கா மகன். முடியாது என்றேன். நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 26 வருடம் லைனில் வேலை பார்த்தவள். அங்கே ஷிப்ட் மாறும்போது, முடியாத சாமான் அடுத்த ஆளிடம் போகும். ஆனால் தனியாகப் போகாது, கூடவே லாட் கார்டும் போகும். எத்தனை பீஸ், எந்த மெஷினில் எதுவரை முடிந்தது, யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். கார்டு இல்லாத லாட்டை யாரும் தொடமாட்டார்கள்.

பாயின்க்கும் இப்படித்தான். ஒவ்வொரு கணினிக்கும் சர்வர், அதாவது திட்டத்தை நடத்துகிறவர்களின் மையக் கணினி, ஓர் எண் கொடுத்து, இன்ன வேலை இன்ன எண்ணிடம் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்கிறது. நம் பக்கத்தில் 'கிளையன்ட் ஸ்டேட்' என்ற கோப்பு இருக்கிறது. எந்த வேலை, எந்தச் செயலி, எந்தத் தரவு, கெடு எப்போது, எல்லாம் அதில்தான். அதுதான் இங்கே லாட் கார்டு. ஒரே ஒரு வேலையை மட்டும் இன்னொரு கணினிக்கு அனுப்ப மென்பொருளில் பொத்தான் கிடையாது. கோப்பைக் கையால் திருத்தி முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஓர் எழுத்து பிசகினால் மற்ற வேலைகளும் சேர்ந்து போய்விடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பத்தோடு வீடு மாறுவதுபோல், தரவு ஃபோல்டர் முழுவதையும் அப்படியே கொண்டுபோவதுதான் நல்ல வழி.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஃபோல்டரை ஒரு லேப்டாப்புக்கு நகல் எடுத்தேன். பழைய கணினியையும் ஓடவிட்டேன். நம் கணினி சர்வரோடு பேசும் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை எண் ஏறிக்கொண்டே போகும். பழைய கணினி பேசிப் பேசி எண் ஏறிவிட்ட பிறகு, லேப்டாப் சின்ன எண்ணோடு போய் நின்றது. யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்று சர்வர் புரிந்துகொண்டு, லேப்டாப்பைப் புதுக் கணினியாகப் பதிந்துவிட்டது. அதற்குள் ஒரே கணக்கை இரண்டு பெட்டியும் பல நாள் போட்டிருந்தன. அத்தனை மின்சாரமும் வீண். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமை இரவே 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்பதை அழுத்தி, புது வேலை வராமல் தடுத்தோம். சின்ன வேலைகள் மூன்றும் விடிவதற்குள் முடிந்து, சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை பசியாறிவிட்டு, கோம்தார் பக்கம் ஒரு கடையில் அலுவலகத்தில் ஓடிய பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தோம். வாங்கும்போதே இன்டெல் சிப்பா, விண்டோஸா என்று கேட்டுத்தான் வாங்கினேன். விண்டோசுக்கு வந்த செயலி லினக்ஸில் ஓடாது. இன்டெல் சிப்பிலிருந்து ஏஎம்டி என்ற வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாறினால் ஓடும், ஆனால் புள்ளிக்குப் பிறகு வரும் கடைசி இலக்கங்களில் சிறு வேறுபாடு வரக்கூடும். பருவநிலைக் கணக்கில் அந்தச் சிறு வேறுபாடும் போகப் போகப் பெரிதாகும். நடுவழியில் சிப் வகையை மாற்ற நான் விரும்பவில்லை.

அப்புறம் பழைய கணினியில் முதலில் நெட்டையும், பிறகு வேலையையும் நிறுத்தினோம். திரையில் பாயின்க்கின் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, நேயர்களே. பாயின்க் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியேறும்போது, ஓடும் வேலைகளையும் நிறுத்தவா என்று கேட்கும் கட்டத்தில் குறி போட வேண்டும். விண்டோசில் தரவு ஃபோல்டர் சி டிரைவின் 'புரோகிராம் டேட்டா'வுக்குள் மறைந்திருக்கும், மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் தெரியும். அதை முழுதாக வெளி டிஸ்க்கில் எடுத்தோம். புதிய கணினியில் பாயின்க்கை நிறுவி, உடனே மூடி, அதன் காலி ஃபோல்டரை நீக்கிவிட்டு எங்களுடையதை வைத்தோம். பழைய கணினியின் நெட் கேபிளை நானே உருவி, சுருட்டி, மேசை டிராயருக்குள் வைத்தேன்.

நெட் இல்லாமலேயே புதியதைத் திறந்தோம். பழையதில் 64.2இல் நின்ற வேலை இங்கே 64.1இலிருந்து தொடங்கியது. அக்கா மகன் பதறினான். அதுதான் செக்பாயின்ட். கணக்கு அவ்வப்போது டிஸ்க்கில் தன்னை எழுதி வைக்கும், நிறுத்தினால் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரும். பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால்தான் பதற வேண்டும். சதவீதம் ஏறுவதைப் பார்த்த பிறகு நெட்டைத் திறந்தோம். சர்வர் அதே எண்ணோடு ஏற்றுக்கொண்டது. சிப்பின் பெயர் மட்டும் புதிதாக மாறியிருந்தது.

எல்லா வேலைக்கும் இவ்வளவு சிரமம் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில மணி நேர வேலை என்றால் பழையதிலேயே முடியவிடுங்கள். கணினி அதற்குள் போய்விடும் போலிருந்தால் 'அபார்ட்' கொடுங்கள், அதாவது வேலையைக் கைவிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அப்படிக் கொடுத்து சர்வருக்கும் தகவல் போய்விட்டால், அது அந்த வேலையை வேறொருவருக்குத் தரலாம். ஒன்றும் சொல்லாமல் டிஸ்க்கை அழித்தால் கெடு முடியும்வரை சர்வர் நமக்காகக் காத்திருக்கும், அதோடு மைன்ஸ் நகரத்து நண்பர் மாதிரி ஒருவரும் காத்திருக்கலாம். கணினியைப் பழைய சாமான்காரரிடம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வேலை புதிய கணினிக்கு வந்த பதினொன்றாம் நாள், விடியற்காலையில் சாமி விளக்கேற்ற எழுந்தபோது திரையைப் பார்த்தேன். அந்த வரி பட்டியலில் இல்லை. இரவிலேயே முடிந்து, ஆக்ஸ்ஃபர்டு போய்ச் சேர்ந்திருந்தது. அதுவரை அலமாரியில் வைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை அன்றைக்குத்தான் அழித்தேன். அக்கா மகனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "இப்ப அடுத்த வேலை வந்துடுச்சா சித்தி?" என்று கேட்டான். வந்திருந்தது.

வணக்கம்.