பட்டுப்புழு மனைக் கூரைத் தளத்துச் சூட்டைத் தடுக்க எந்த போர்டு, மேலயா உள்ளயா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி கேட்டிருக்காருங்க. கேள்வியை அப்படியே படிச்சிடறேன். "ஐயா வணக்கம். 50க்கு 20 அடி அளவுல பட்டுப்புழு வளர்ப்பு மனை கட்டியிருக்கேன். அஞ்சு இன்ச்சு கான்கிரீட் தளம், மேல ஒண்ணும் போடல. சித்திரை, வைகாசியில உள்ள நிக்க முடியல, அஞ்சாம் பருவத்துல புழு சாகுது. தெர்மாகோல் வாங்கி உள்பக்கமா சீலிங்ல ஒட்டிடுங்கன்னு கடையில சொல்றாங்க. எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன்) போர்டு கேட்டா, ரெண்டும் ஒண்ணுதான், விலைதான் ஜாஸ்தின்னு சொல்றாங்க. எதை வாங்கறது, எவ்வளவு கனம், எப்படிப் போடறது?"

முதல்ல ஒண்ணை உறுதியா சொல்லிடறேங்க. புழு மனையில சீலிங்குக்குக் கீழ தெர்மாகோல் ஒட்டாதீங்க. எக்ஸ்பிஎஸ்ஸும் ஒட்டாதீங்க. ரெண்டுமே பாலிஸ்டைரீன்தான், நெருப்பு பட்டா உருகி, எரிஞ்சுகிட்டே சொட்டும். நம்ம மனையில கிருமிநீக்கம் பண்ண ஃபிளேம் கன் புடிக்கிறவங்க இருக்காங்க. மேல தெர்மாகோல், கீழ காஞ்ச மல்பெரித் தண்டு, நெட்ரிக்கா (புழு கூடு கட்டற பிளாஸ்டிக் வலை) எல்லாம் இருக்கற எடத்துல அது பெரிய ஆபத்து. அதோட ஒவ்வொரு பேட்ச் முடிஞ்சதும் பிளீச்சிங் பவுடர் தண்ணி அடிச்சுக் கழுவறோம். போர்டு இடுக்குல அந்த ஈரமும் அழுக்கும் தங்கிட்டா, நோய்க்கிருமி அங்கயே இருந்து அடுத்த பேட்ச்சுக்கு வந்துடும். எலியும் எறும்பும் தெர்மாகோலைக் குடைஞ்சு கூடு வைக்கும். எறும்புக்கு மருந்து அடிக்கலாம்னா, மருந்து வாடைக்குப் புழு தாங்காது.

இன்னொரு காரணம் கான்கிரீட்டோட குணம். வெயில் நேரா தளத்து மேல விழுது, அந்த அஞ்சு இன்ச்சு கான்கிரீட்டும் பகல் பூரா சூட்டை வாங்கி வச்சுக்குது. மூணு, நாலு மணி நேரம் கழிச்சுத்தான் அது கீழ இறங்கும். அதனாலதான் வெயில் தாழ்ந்த பிறகும், சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு, மனைக்குள்ள அனல் அடிக்குது. உள்பக்கம் போர்டு ஒட்டினா தளம் சூடாகறது நிக்காது. பகல்ல விரியும், ராத்திரி சுருங்கும், விரிசல் விடும். அந்த விரிசல்ல தண்ணி கசிஞ்சா போர்டு மறைச்சுடும், எங்க ஒழுகுதுன்னே தெரியாது. மேல போட்டா வெயில் தளத்தையே தொடாது. அதனால போர்டு மேலதான்.

இப்ப தெர்மாகோலா எக்ஸ்பிஎஸ்ஸா. கடைக்காரர் சொன்னதுல பாதி சரிங்க. காஞ்சு இருக்கற வரைக்கும் ரெண்டுக்கும் சூட்டைத் தடுக்கறதுல பெரிய வித்தியாசம் இல்ல. எக்ஸ்பிஎஸ்ஸோட வெப்பம் கடத்தற எண் 0.03 கிட்ட, தெர்மாகோலுக்கு 0.037 கிட்ட. வித்தியாசம் வர்றது ஈரத்துல. தெர்மாகோல் சின்னச் சின்ன மணியா ஒட்டியிருக்கறது, மணிக்கும் மணிக்கும் நடுவுல தண்ணி ஏறும். தண்ணியோட கடத்தற எண் 0.6, அதாவது போர்டை விட பதினஞ்சு, இருபது மடங்கு. ரெண்டு மழைக்காலம் போனா நீங்க காசு போட்டது ஈரக் கட்டியா உள்ள கிடக்கும். எக்ஸ்பிஎஸ்ல அறைகள் எல்லாம் மூடினபடி இருக்கும், தண்ணி உள்ள போறது ரொம்பக் கம்மி. அழுத்தம் தாங்கறதும் அப்படித்தான். 16 டென்சிட்டி (கன மீட்டருக்கு 16 கிலோ) தெர்மாகோல் 70, 80 கிலோபாஸ்கல்லயே நசுங்கும். தளத்துக்குன்னு வர்ற எக்ஸ்பிஎஸ் 250க்கு மேல தாங்கும். பஃப் போர்டு (பாலியூரித்தேன் நுரை) சூட்டை இன்னும் நல்லா தடுக்கும், ஆனா விலைக்கு இந்த வேலைக்கு அது வேண்டாம்.

கடையில எப்படிக் கண்டுபிடிக்கறது? நிறத்தைப் பாக்காதீங்க. நீலம், பச்சை, ரோஸ் எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். தராசுல போடுங்க. 1250க்கு 600 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு போர்டு, 32 டென்சிட்டின்னா 1.2 கிலோ இருக்கணும். 900 கிராம்தான் காட்டுதுன்னா அது 24 டென்சிட்டி. ஓரத்தை உடைச்சுப் பாருங்க, மணி மணியா உதிர்ந்தா தெர்மாகோல். ஒரு துண்டை எடை போட்டு, கல்லை வச்சு ராத்திரி பூரா பக்கெட் தண்ணியில முக்கி, காலையில மேல இருக்கற ஈரத்தைத் துடைச்சு மறுபடி எடை போடுங்க. எடை பெருசா ஏறக் கூடாது.

கனம் எவ்வளவு? வெறும் அஞ்சு இன்ச்சு தளத்துல, உள்ளயும் வெளியயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா, ஒரு சதுர மீட்டர் வழியா சுமார் 3.3 வாட் சூடு இறங்கும். 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் போட்டா 0.9 கிட்ட. 50 போட்டா 0.5. 75 போட்டா 0.36. வீடுகளுக்கான எரிசக்தி சிக்கன விதித்தொகுப்பு எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரைக்கு 1.2ஐ தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. அந்தக் கணக்குக்கு 25 மில்லிமீட்டரே போதும். ஆனா நம்ம முதிர்புழுவுக்கு (நாலாம், அஞ்சாம் பருவப் புழு) 24ல இருந்து 26 டிகிரி வேணும். தர்மபுரி, பென்னாகரம், அரூர் வெயிலுக்கு 50 போடுங்க. 75க்குப் போற காசுக்குப் பலன் கம்மி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பக்கம் இருக்கறவங்க 25லயே சமாளிக்கலாம்.

அளவு: 1000 சதுர அடின்னா சுமார் 93 சதுர மீட்டர். ஒரு போர்டு முக்கால் சதுர மீட்டர். 124 போர்டு, வெட்டு சேதாரம் சேர்த்து 130 வாங்குங்க. ஓரம் படி வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்கார்ற மாதிரி இருந்தா நல்லது.

வாங்கறதுக்கு முன்னாடி தளத்தோட தாங்கும் சக்தியைப் பாருங்க. போர்டுக்கு எடையே இல்ல. மேல போடற ரெண்டு இன்ச்சு கான்கிரீட் சதுர மீட்டருக்கு 120 கிலோ. வாட்டத்துக்குப் போடற கலவை, தட்டோடு எல்லாம் சேர்ந்தா 200 தாண்டும். பின்னாடி சுர்க்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு கலவை) போட்டு தட்டோடு பதிக்கறதா கணக்குப் பண்ணி கம்பி கட்டின தளம்னா பயமில்லை. செட்டுதானேன்னு கம்பியைக் குறைச்சிருந்தா, கம்பி விவரத்தோட ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டிட்டுத்தான் ஆரம்பிக்கணும். சந்தேகம் இருந்தா தட்டோட்டை விட்டுடுங்க, மேல வெள்ளை பூச்சு போதும்.

வேலைக்கு வருவோம். தை, மாசியில ஆரம்பிங்க, மழை இருக்காது, சித்திரைக்கு முன்னாடி முடிஞ்சுடும். புழு உள்ள இல்லாத இடைவெளியா இருக்கணும். முதல்ல தளத்தைச் சுரண்டி, கழுவி, விரிசலை வி மாதிரி வெட்டி பாலிமர் கலவை அடைங்க. தளம் வார்க்கும்போதே வாட்டம் வச்சிருந்தா நல்லது. இல்லேன்னா நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச்சு இறக்கம். வாட்டம் போர்டுக்குக் கீழ வரணும். நிறைய பேர் மேல போடற கான்கிரீட்லதான் வாட்டம் குடுக்கறாங்க. அப்ப போர்டுக்குக் கீழ இறங்கின தண்ணிக்குப் போக வழியே இருக்காது.

அது மேல தண்ணி கசியாத பூச்சு, சிமெண்டோட பாலிமர் கலந்தது, ரெண்டு கோட். மூலையில வலைத்துணி வச்சு பூசுங்க. கைப்பிடிச் சுவர் இருந்தா சுவர்ல ஒரு அடி உயரம் ஏத்தணும், ஏன்னா தளத்தோட மேல்மட்டம் அஞ்சு இன்ச்சு உயரப் போகுது. சுவர் இல்லாத மனைன்னா ஓரத்துல அஞ்சு இன்ச்சு உயரத்துக்குக் கட்டை வாருங்க, அதுதான் போர்டு ஓரத்தைப் புடிச்சு நிறுத்தும். கட்டையில தளத்தை ஒட்டி அங்கங்க குழாய்த் துளை விடுங்க. தார் தடவற முறை வேண்டாங்க. கரைப்பான் கலந்த ப்ரைமர் போர்டைத் தின்னும், அதோட வாடை புழுவுக்கும் ஆகாது. பெட்ரோல், தின்னர் கலந்த பசையும் அதே மாதிரிதான், போர்டு கரைஞ்சு குழியாயிடும்.

பூச்சு காஞ்சதும் ரெண்டு இன்ச்சு தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க. கீழ போய் சீலிங்கைப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா இப்பவே அடைங்க. போர்டு மேல கான்கிரீட் போட்ட பிறகு ஒழுகினா எல்லாத்தையும் உடைக்கணும். அவசரத்துல இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

அப்புறம் போர்டு. செங்கல் கட்டுற மாதிரி இணைப்பு மாத்தி மாத்தி வரணும். டைல்ஸ் ஒட்டற சிமெண்ட் பசையை அங்கங்க வச்சு அழுத்துங்க, கால் வச்சா ஆடக் கூடாது. ஆடினா அந்த எடத்துல கான்கிரீட் வெடிக்கும். இடைவெளி விழுந்தா போர்டுலயே மெல்லிசா வெட்டிச் சொருகுங்க. சிமெண்ட் கலவையை அடைச்சீங்கன்னா சூடு அந்தக் கோடு வழியாவே இறங்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கான்கிரீட் போட முடியுமோ அவ்வளவு போர்டு மட்டும் விரிங்க. ஒரு கிலோ சொச்சம் எடை, காத்துல பறந்துடும். மழை வந்தா மிதக்கும். வாரக்கணக்கா வெயில்ல கிடந்தா மேல மஞ்சளாகி மாவா உதிரும். கறுப்பு தார்ப்பாய் போட்டு மூடி வைக்காதீங்க, கீழ சூடு ஏறி 75 டிகிரி தாண்டினா போர்டு வளைஞ்சுடும்.

போர்டு மேல ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிங்க, விளிம்பு ஆறு இன்ச்சு ஏறணும். பிளாஸ்டிக் கவர் போட்டா ஈரம் மேல ஆவியாக முடியாம உள்ளயே நிக்கும். அது மேல 1:2:4 கான்கிரீட், சிப்ஸ் ஜல்லி, ரெண்டு இன்ச்சு, நடுவுல வெல்டு மெஷ் (கம்பி வலை). 1000 சதுர அடிக்கு சிமெண்ட் 30 மூட்டை, எம் சாண்ட் 75 கன அடி, சிப்ஸ் 150 கன அடி கிட்ட வரும். தள்ளுவண்டியைப் போர்டு மேல ஓட்டாதீங்க, பலகை போட்டு நடங்க.

இந்தக் கான்கிரீட்டுக்குக் கீழ போர்டு இருக்கறதால சூடு இறங்க வழியில்லை. அதனால சாதாரண தளத்தை விட இது அதிகமா சூடாகும், அதிகமா விரியும். பத்துக்குப் பத்து அடி கட்டமா பிரிச்சு வாருங்க, சுவர் ஓரமா அரை இன்ச்சு விடுங்க, அந்த இடைவெளியில எல்லாம் இளகின சீலன்ட் நிரப்புங்க. இடைவெளி விடாம வார்த்தா அது விரிஞ்சு கைப்பிடிச் சுவரையே வெளிய தள்ளிடும். ஏழு நாள் தண்ணி கட்டுங்க. முடிஞ்சதும் வெள்ளை டைல்ஸ் இல்லேன்னா வெள்ளை பூச்சு.

இவ்வளவு பண்ணியும் ஜன்னலை மூடி வச்சீங்கன்னா பலன் பாதிதான். போர்டு சூட்டை உள்ள விடாது, அதே மாதிரி உள்ள இருக்கற சூட்டை வெளியவும் விடாது. புழுவும் தழையும் விடற சூடும் ஈரமும் போகணும். ராத்திரி வலை போட்ட ஜன்னலைத் திறந்து வைங்க, காலையில வெயில் ஏறும்போது மூடுங்க. மார்கழி, தையில இதே போர்டு ஹீட்டர் சூட்டைப் புடிச்சு வைக்கும். மேற்குச் சுவருக்கு போர்டு வேண்டாம், ஒரு தாழ்வாரமோ தென்னங்கீத்துத் தடுப்போ போதும்.

கீழ கமெண்ட்ல நிறைய பேர் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கேட்டிருக்கீங்க. ஷீட் மேல போர்டு நிக்காது. கூரையை மாத்தற யோசனை இருந்தா ரெண்டு பக்கமும் தகடு உள்ள 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் போடுங்க. மாத்த முடியாதவங்க, ஷீட்டுக்குக் கீழ காத்துப் போற இடைவெளி விட்டு, போர்டை வச்சு, அது முழுக்க மறையற மாதிரி ஃபைபர் சிமெண்ட் போர்டு அடிச்சு, இணைப்பை எல்லாம் பூசி மூடுங்க. அந்த மனையில ஃபிளேம் கன்னைத் தரையோட நிறுத்திக்கணும். பஃப் பேனல் போட்டவங்க பிளீச்சிங் பவுடர் அடிச்ச பிறகு தகட்டை நல்ல தண்ணியில கழுவி விடுங்க, இல்லேன்னா ஸ்க்ரூ தலையில இருந்து துரு ஆரம்பிச்சுடும்.