ஒரு புற்றுநோய் ஆய்விதழின் நூற்றாண்டு

[காட்சி: மட்டக்களப்புச் சந்தை, வெற்றிலைக் கடை]

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெற்றிலைத் தட்டு வைக்காத கலியாண வீடும் இல்லை, சாவீடும் இல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என 1985இல் கருதிய புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், 2003இல் அது வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்ற முடிவுக்கு வந்தது. இதற்காக அதன் நிபுணர்கள் தாங்களாகப் பரிசோதனை எதையும் நடத்தவில்லை. ஏற்கெனவே வெளிவந்திருந்த ஆய்வுகளையே ஒன்றுசேர்த்து எடைபோட்டார்கள். ஆகவே எந்த ஆய்வு எங்கே, எவ்வளவு விபரமாக அச்சேறியது என்பது நம் வாய்க்கும் சம்பந்தப்பட்ட விடயமே.

[காட்சி: பழைய இதழின் அட்டை]

வொஷிங்டனில் 1907இல் 11 பேர் கூடித் தொடங்கிய அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கம், 1916இல் 'ஜேர்னல் ஒஃப் கான்சர் ரிசேர்ச்' என்ற ஆய்விதழைக் கொண்டுவந்தது. 1931இல் 'அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் கான்சர்' என்று பெயர் மாறிய அந்த இதழ் 1940உடன் நின்றுபோக, அடுத்த ஆண்டே 'கான்சர் ரிசேர்ச்' தொடங்கியது. இன்றும் வெளிவருவது அதுதான்.

பெயர் மாற்றங்களைவிட அந்தப் பழைய இதழின் 3ஆம் தொகுதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. யப்பானியரான யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் கரித்தாரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிய பரிசோதனை, 1918இல் அதன் முதற்பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் வெளியானது. எதைப் பூசினார்கள், எவ்வளவு காலம் பூசினார்கள், தோலில் என்ன மாற்றம் கண்டார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தால்தான், வேறொரு நாட்டு ஆய்வாளர் அதையே செய்துபார்த்துச் சரியா பிழையா என்று சொல்ல முடியும். "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று முகநூலில் சுற்றும் செய்திகளில் காணாமற்போவது இந்தச் செய்முறைப் பகுதிதான்.

[காட்சி: திருத்தக் குறிப்புகளோடு ஒரு கையெழுத்துப் பிரதி]

இன்று இத்தகைய இதழுக்கு அனுப்பப்படும் கட்டுரையை ஆசிரியர் குழு முதலில் பார்க்கிறது. பல கட்டுரைகள் அங்கேயே நின்றுவிடும். தப்பியவை அத்துறையில் வேலை செய்யும் வேறு ஆய்வாளர்களிடம் போகின்றன. அவர்கள் பெரும்பாலும் சம்பளமின்றியே வாசித்து, தரவு போதாத இடங்களைச் சுட்டிக்காட்டுவார்கள். எழுதியவர் பதில் சொல்லவோ மேலும் பரிசோதனை செய்யவோ வேண்டியிருப்பதால், ஏற்கப்படுவதற்கு மாதங்கள் எடுக்கும். இந்தச் சல்லடையிலும் பிழைகள் தப்பிவிடுவதுண்டு. அதனால்தான் வெளிவந்த கட்டுரையைத் திரும்பப் பெறும் வழக்கமும் உள்ளது.

வெளிவந்ததை எல்லோராலும் உடனே வாசிக்க முடிவதில்லை. புதிய கட்டுரைகள் பலவற்றுக்குச் சந்தா தேவை என்றாலும், 'கான்சர் ரிசேர்ச்' கட்டுரைகள் 12 மாதங்களின் பின் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் யமகிவாவின் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம்.